விண்டோஸை மேம்படுத்திய பின் பழைய போட்டோஷாப்பை இயக்குவது: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், ஸ்டுடியோக்களிலும் அச்சகங்களிலும் பல ஆண்டுகளாகத் தொடப்படாமல் இருந்த கணினிகள் விண்டோஸ் 11க்கு மாற்றப்படுகின்றன. அவற்றில் இருக்கும் போட்டோஷாப் பெரும்பாலும் 2002இல் வந்த 7.0, 2007இல் வந்த சி.எஸ்.3, அல்லது 2012இல் வந்த சி.எஸ்.6 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றையும் புதிய விண்டோஸில் பெரும்பாலும் இயக்க முடியும்; ஆனால் செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்பவர்கள் இயங்கக்கூடிய மென்பொருளையும் இயங்காததாக ஆக்கிவிடுகிறார்கள்.

புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கண்ட தவறு ஒன்று உண்டு. பிழைச் செய்தி வந்தவுடன் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' (உயர்ந்த அனுமதியோடு இயக்கு) என்பதை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது ஒரு பிழையை மறைத்து வேறு மூன்று பிழைகளை உருவாக்கும். அதன் காரணத்தை 6ஆம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

1. எத்தனை பிட் என்பதை முதலில் பாருங்கள்

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்ற வழியில் சென்று, இப்போதுள்ள விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். மற்ற எல்லா முடிவுகளும் இந்த ஒரு வரியைப் பொறுத்தவை.

விண்டோஸ் 11க்கு 32 பிட் வடிவம் கிடையாது. 32 பிட் விண்டோஸை நிறுவிய மென்பொருள்களோடு சேர்த்து 64 பிட்டுக்கு மேம்படுத்தவும் வழியில்லை. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். எனவே இப்போது 32 பிட் என்று காட்டினால், போட்டோஷாப்பையும் குறுந்தகட்டிலிருந்து மறுபடி நிறுவ வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்; சி.எஸ்.3 வைத்திருப்பவர்கள் அதற்கு முன் 3ஆம் பகுதியைப் படியுங்கள்.

64 பிட் என்று காட்டினால் வேலை எளிது. மென்பொருள்களையும் கோப்புகளையும் வைத்துக்கொண்டே விண்டோஸ் 10இலிருந்து 11க்குச் செல்லலாம். விண்டோஸ் 7இல் இருப்பவர்கள் நேராக 11க்குச் சென்றால் மென்பொருள்கள் தங்காது. அவை தங்க வேண்டுமானால் இடையில் 10க்குச் சென்றாக வேண்டும்.

64 பிட் விண்டோஸ், 32 பிட் மென்பொருளை இயக்கும். 16 பிட் மென்பொருளை இயக்காது. போட்டோஷாப் 7.0 ஒரு 32 பிட் மென்பொருள் என்பதால் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் அதே காலத்தில் வாங்கிய சில பிளக்-இன்களின் (போட்டோஷாப்போடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) நிறுவிகள் 16 பிட்டில் எழுதப்பட்டிருக்கலாம். அவை திறக்கவே மாட்டா. அதற்குப் போட்டோஷாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

2. மேம்படுத்துவதற்கு முன் வெளியே எடுத்து வைக்க வேண்டியவை

படங்களைப் பிரதி எடுத்து வைப்பவர்கள்கூட, பல படிகளை ஒரே சொடுக்கில் செய்துதரும், பத்தாண்டுகளாகச் சேர்த்த ஆக்‌ஷன்களைப் பிரதி எடுப்பதில்லை. ஆக்‌ஷன் பலகையில் ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, பலகையின் மூலையிலுள்ள பட்டியலில் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' என்று கொடுத்தால்தான் அது தனிக் கோப்பாகும். அதுவரை அது போட்டோஷாப்பின் அமைப்புக் கோப்புறைக்குள் மட்டுமே இருக்கிறது. பிரஷ், ஸ்டைல், பேட்டர்ன், கஸ்டம் ஷேப் ஆகியவற்றையும் இதேபோலத் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, போட்டோஷாப் நிறுவப்பட்ட இடத்திலுள்ள 'பிளக்-இன்ஸ்' கோப்புறையையும், விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் நீங்கள் சேர்த்த எழுத்துருக்களையும், திரைக்கும் பிரிண்டருக்குமான நிற விவரக் கோப்புகளையும் (கலர் புரொஃபைல்) ஒரு வெளி வட்டில் வையுங்கள். கடைசியாகச் சொன்னவை விண்டோஸின் 'சிஸ்டம்32' கோப்புறைக்குள் 'ஸ்பூல்', 'டிரைவர்ஸ்', 'கலர்' என்ற வரிசையில் இருக்கும்.

நிறுவல் குறுந்தகட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கோப்புறைக்குப் பிரதி எடுத்து, வரிசை எண்ணையும் அதற்குள் ஓர் உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். புதிய கணினியில் குறுந்தகட்டு டிரைவே இல்லை என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது.

கடைசியாக, போட்டோஷாப் சரியாக இயங்கும் இந்த நிலையிலேயே 'பிரிஃபரன்சஸ்', 'கலர் செட்டிங்ஸ்', அச்சிடும் சாளரம் ஆகியவற்றைத் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற சான்று கையில் இல்லாவிட்டால், மேம்படுத்திய பின் எழும் ஒவ்வொரு சந்தேகமும் ஊகமாகவே முடியும்.

3. உரிமத்தைத் தொடுவதற்கு முன் யோசியுங்கள்

போட்டோஷாப் 7.0க்கு வரிசை எண் மட்டும் போதும். இணையத்தின் வழியாக உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் அதற்கு அடுத்த பதிப்பிலிருந்துதான் வந்தது. ஆகவே 7.0 வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கடந்து செல்லலாம்.

சி.எஸ்.2, சி.எஸ்.3 ஆகியவற்றின் ஆக்டிவேஷன் சர்வர்களை அடோபி நிறுத்திவிட்டது. அதாவது, இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் சி.எஸ்.3ஐ நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால், பழைய முறையில் அதற்கு உயிர் கொடுக்க வழியில்லை. 'சுத்தமாக நிறுவினால் நன்றாக ஓடும்' என்ற பொது அறிவுரை மற்ற இடங்களில் சரியாக இருக்கலாம். இங்கே அது ஆபத்தானது. சி.எஸ்.3 இருக்கும் கணினியை இருப்பதன் மேலேயே மேம்படுத்துங்கள். வட்டை மாற்றுவதையும் அதே நாளில் செய்யாதீர்கள். வட்டின் பிரதியை வேறு வட்டுக்கு மாற்றும்போதும் இந்தப் பதிப்புகளின் உரிமப் பதிவு கலைந்துபோவதுண்டு.

மேம்படுத்திய பின் 'லைசென்சிங் ஃபார் திஸ் பிராடக்ட் ஹாஸ் ஸ்டாப்டு ஒர்க்கிங்' என்ற செய்தி சி.எஸ்.3 அல்லது சி.எஸ்.4இல் வந்தால், முதலில் விண்டோஸின் 'சர்வீசஸ்' சாளரத்தைத் திறந்து, 'ஃப்ளெக்ஸ்நெட் லைசென்சிங் சர்வீஸ்' என்பது முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முடக்கப்பட்டிருந்தால் அதை 'மேனுவல்' என்று மாற்றி மறுபடி திறந்து பாருங்கள். அதைப் பார்க்காமல் மென்பொருளை நீக்கிவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

உரிமமே இல்லாமல் எங்கோ பதிவிறக்கிய 'போர்ட்டபிள்' பிரதியை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. விண்டோஸ் டிஃபென்டர் அதன் கோப்புகளை நீக்கிவிட்டால், டிஃபென்டரை முடக்கிவிட்டு வாடிக்கையாளர் படங்கள் உள்ள கணினியைத் திறந்து வைப்பதைவிட, கிம்ப் போன்ற இலவச மென்பொருளுக்கு மாறுவது மேல்.

4. மேம்படுத்துதலும் 10 நாள் கெடுவும்

நிறுவும்போது 'கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்' என்ற தேர்வு குறியிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தொடருங்கள். அந்தத் தேர்வு மங்கலாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். மொழி வேறுபாடோ பதிப்பு வேறுபாடோ காரணமாக இருக்கும், அப்படியே தொடர்ந்தால் மென்பொருள்கள் போய்விடும்.

மேம்படுத்திய பின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் கெடு உண்டு. அதற்குப் பிறகு பழைய கோப்புகள் தாமாகவே நீக்கப்படும். எனவே கல்யாண முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கும் மாதத்தில் இதைத் தொடங்காமல், அந்தப் பத்து நாளும் உட்கார்ந்து சோதிக்க நேரமுள்ள வாரத்தில் தொடங்குங்கள். 'இடம் போதவில்லை' என்று விண்டோஸ் சொல்வதைக் கேட்டு, முந்தைய நிறுவலின் கோப்புகளை முதல் நாளே அழித்துவிடாதீர்கள்.

புதிய பயனர் கணக்கு தொடங்க நேர்ந்தால் அதன் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பயனர் பெயரே கோப்புறையின் பெயராக மாறுகிறது, 7.0 போன்ற மிகப் பழைய மென்பொருள்கள் யூனிகோடு எழுத்துள்ள பாதைகளைப் படிக்கத் தடுமாறும். படக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

5. முதன்முறை திறக்கும்போது

முதலில் எந்த மாற்றமும் செய்யாமல், சாதாரணமாக இருமுறை சொடுக்கித் திறந்து பாருங்கள். 'கம்பேட்டபிலிட்டி மோட்' எதையும் இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த ஏற்பாடு, விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பற்றி மென்பொருளிடம் பொய் சொல்கிறது, சி.எஸ்.6 போன்ற பதிப்புகள் அந்தப் பொய்யை நம்பிச் சில வசதிகளைத் தாமே முடக்கிக்கொள்ளலாம். 7.0 மட்டும் திறக்க மறுத்தால், கடைசி முயற்சியாக 'விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 3' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

'சைட்-பை-சைட் கான்ஃபிகரேஷன்' தவறு என்று செய்தி வந்தால், குறை மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ துணைக் கோப்புகளில் இருக்கிறது. 2005, 2008, 2010 ஆகிய மூன்று ஆண்டுப் பதிப்புகளையும், ஒவ்வொன்றிலும் 32 பிட், 64 பிட் வடிவங்கள் இரண்டையும் நிறுவுங்கள். 64 பிட் கணினி என்பதால் 32 பிட் வடிவம் தேவையில்லை என்று நினைப்பது தவறு. துணைக் கோப்பு பொருந்த வேண்டியது மென்பொருளோடுதான்.

திறந்தவுடன் மூடிக்கொண்டால், போட்டோஷாப்பின் படக்குறியைச் சொடுக்கிய கணமே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். அமைப்புக் கோப்பை நீக்கவா என்று கேட்கும்; 'யெஸ்' கொடுங்கள். இதில் உங்கள் ஆக்‌ஷன்களும் போய்விடக்கூடும் என்பதால்தான் 2ஆம் பகுதி இதற்கு முன்னால் வருகிறது.

6. ஸ்கிராட்ச் டிஸ்க் பிழையும் அட்மின் குறுக்குவழியும்

பழைய பதிப்புகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை இது: ஸ்கிராட்ச் கோப்பைத் திறக்க முடியவில்லை, கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது அல்லது உங்களுக்குப் போதிய அனுமதி இல்லை என்று செய்தி வரும், 'ஓகே' கொடுத்தால் போட்டோஷாப் மூடிக்கொள்ளும்.

காரணம் எளிது. நினைவகம் போதாதபோது பயன்படுத்துவதற்காகப் போட்டோஷாப் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதுகிறது. பழைய பதிப்புகள் அதை எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல், டிரைவின் வேரிலேயே, அதாவது சி டிரைவைத் திறந்தவுடன் தெரியும் இடத்திலேயே எழுத முயல்கின்றன. எக்ஸ்.பி. காலத்தில் அதற்குத் தடை இல்லை. விஸ்டாவிலிருந்து, சாதாரண அனுமதியில் இயங்கும் மென்பொருள் அந்த இடத்தில் கோப்பு எழுத முடியாது.

அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் அந்த அனுமதி கிடைத்துவிடுகிறது, போட்டோஷாப்பும் திறக்கிறது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். மறுநாள் வேறு புகார்கள் வரத் தொடங்கும்.

கோப்புறையிலிருந்து படத்தை இழுத்துப் போட்டோஷாப்பின் மேல் விட்டால் அது திறக்காது. குறைந்த அனுமதியில் இயங்கும் எக்ஸ்புளோரர், உயர்ந்த அனுமதியில் இயங்கும் சாளரத்துக்குள் எதையும் அனுப்ப விண்டோஸ் விடுவதில்லை. அதே விதியால், என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற தமிழ் விசைப்பலகை மென்பொருள்கள் சாதாரண அனுமதியில் இயங்கும்போது, அட்மினாகத் திறந்த போட்டோஷாப்பில் மட்டும் தமிழ் வராமல் ஆங்கில எழுத்துகளே விழும். உடனே எழுத்துருவைச் சந்தேகித்து, அதை நீக்கி, மறுபடி சேர்த்து அரை நாளைச் செலவழிப்பார்கள். மூன்றாவது புகார் நெட்வொர்க்கில் இணைத்த டிரைவ் பற்றியது: எக்ஸ்புளோரரில் தெரியும் இசட் டிரைவ், போட்டோஷாப்பின் 'ஓப்பன்' சாளரத்தில் தெரியாது.

இந்த மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். எனவே அனுமதியை உயர்த்துவதற்குப் பதிலாக, ஸ்கிராட்ச் கோப்பின் இடத்தை மாற்றுங்கள்.

போட்டோஷாப்பைச் சொடுக்கியவுடன் கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டு விசைகளை மட்டும் பிடித்துக்கொண்டால், ஸ்கிராட்ச் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் வரும். ஷிஃப்ட் விசையும் சேர்ந்துவிட்டால் அது அமைப்பை அழிக்கும் கட்டளையாகிவிடும். விரல்களைப் பார்த்து வையுங்கள். முதல் இடத்தில் 'ஸ்டார்ட்டப்' என்று இருப்பதை டி டிரைவுக்கு மாற்றிச் சரி கொடுங்கள். விண்டோஸ் இருக்கும் டிரைவைத் தவிர மற்ற டிரைவுகளின் வேரில் எழுதச் சாதாரணப் பயனருக்கு வழக்கமாக அனுமதி இருக்கும்.

அந்தச் சாளரம் வராவிட்டால், ஒரே ஒரு முறை அட்மினாகத் திறந்து, 'எடிட்' பட்டியலில் 'பிரிஃபரன்சஸ்' வழியாக இதே மாற்றத்தைச் செய்து, மூடிவிட்டு, பிறகு எப்போதும்போலத் திறங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அட்மினாகத் திறக்கும்போது விண்டோஸ் வேறொரு கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், நீங்கள் செய்யும் மாற்றம் அந்த வேறு கணக்கில்தான் பதியும். உங்கள் கணக்கில் பிழை அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட கணினியில், உங்கள் கணக்கைத் தற்காலிகமாக அட்மின் வகைக்கு மாற்றி, வேலையை முடித்துவிட்டு, பழையபடி மாற்றிவிடுங்கள்.

கணினியில் சி டிரைவ் மட்டுமே இருந்தால், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' சாளரத்தில் அதைச் சுருக்கி 20 முதல் 40 ஜி.பி. அளவில் ஒரு டி டிரைவை உருவாக்குங்கள். அதை ஸ்கிராட்சுக்கு மட்டும் வையுங்கள். அங்கே பாடல்களும் பழைய ஆல்பங்களும் சேர்ந்தால், சில மாதங்களில் 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்ற அடுத்த செய்தி வரும்.

7. எழுத்துருக்கள், குறிப்பாகத் தமிழ் எழுத்துருக்கள்

2018க்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில், எழுத்துருக் கோப்பை வலச்சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டுமே, தனிக் கோப்புறை ஒன்றில் சேர்கிறது. பழைய போட்டோஷாப் விண்டோஸின் பொது 'ஃபான்ட்ஸ்' கோப்புறையை மட்டும் பார்ப்பதால், வேர்டில் தெரியும் எழுத்துரு இங்கே தெரியாமல் போகலாம். எனவே 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அது உடனே தென்படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள்.

7.0 போன்ற பதிப்புகளில் யூனிகோடு தமிழைத் தட்டினால் கொம்பும் புள்ளியும் உரிய இடத்தில் உட்காரா. அதனால்தான் அழைப்பிதழ், பேனர் வேலைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் பயன்படுகின்றன. அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் பெயர்களெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது இதனால்தான், கோப்பு கெட்டுவிடவில்லை.

பழைய கோப்பைத் திறக்கும்போது, உரை அடுக்குகளைப் புதுப்பிக்கவா என்று போட்டோஷாப் கேட்கும். எழுத்துருக்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன என்று உறுதியாகும்வரை 'அப்டேட்' கொடுக்காதீர்கள். கொடுத்தால், மாற்று எழுத்துருவில் உரை மறுபடி வரையப்பட்டு வரி அமைப்பு குலையும். அதன் மேல் சேமித்துவிட்டால் பழைய தோற்றத்தைக் கையால்தான் மீட்க வேண்டும்.

விண்டோஸின் வட்டார அமைப்புகளில், உலக மொழிகள் அனைத்துக்கும் யு.டி.எஃப்.-8 பயன்படுத்தும் சோதனைநிலைத் தேர்வு ஒன்று இருக்கிறது. அது குறியிடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பெயரைப் பார்த்தால் தமிழுக்கு நல்லது போலத் தோன்றினாலும், யூனிகோடு அறியாத பழைய மென்பொருள்களை அது குழப்பும்.

8. திரையில் எல்லாம் சிறிதாகத் தெரிந்தால்

புதிய 4கே திரையில் சி.எஸ்.6இன் கருவிகள் எறும்பு அளவில் தெரியும். போட்டோஷாப்பின் இயங்கு கோப்பை வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பேட்டபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்' என்று சென்று, கீழேயுள்ள பெட்டியில் குறியிட்டு, 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. கருவிகளோடு படமும் சேர்ந்தே பெரிதாக்கப்படுகிறது; 200 சதவீத அளவில் படத்தின் ஒரு புள்ளி திரையின் நான்கு புள்ளிகளை நிரப்பும். ஆகையால் படம் உண்மையில் இருப்பதைவிட மங்கலாகத் தெரியும். அதைக் கண்டு 'ஷார்ப்பன்' கூட்டினால் அச்சில் முகம் சொரசொரப்பாக விழும். ஷார்ப்பன் அளவை முன்பு பழகிய எண்களிலேயே வைத்து, ஒரு சோதனை அச்சு எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரை கறுத்துப்போனாலோ படம் துண்டு துண்டாகத் தெரிந்தாலோ, கிராஃபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளரிடமிருந்து நேராகப் பெற்று நிறுவுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், சி.எஸ்.4இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குச் சென்று, கிராஃபிக்ஸ் செயலியின் பயன்பாட்டுக்கான குறியை எடுத்துவிடுங்கள்.

9. பிளக்-இன், ஸ்கேனர், டாங்கிள்

64 பிட் விண்டோஸில் சி.எஸ்.6 நிறுவினால் 64 பிட், 32 பிட் என இரண்டு பிரதிகள் சேரும். பழைய 32 பிட் பிளக்-இன்கள் 32 பிட் பிரதியில் மட்டுமே தெரியும். தொலைந்துவிட்டன என்று தேடுவதற்கு முன், 'புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86' கோப்புறையிலுள்ள பிரதியைத் திறந்து பாருங்கள். ஸ்கேனரைப் போட்டோஷாப்புக்குள்ளிருந்தே இயக்கும் ட்வெய்ன் வகை டிரைவர்களுக்கும் இதே கதைதான். அதுவும் இயலாவிட்டால், ஸ்கேனருக்கு உரிய மென்பொருளில் டிஃப் கோப்பாக எடுத்துப் போட்டோஷாப்பில் திறப்பது தொல்லையில்லாத வழி.

ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள்கள் சில, உரிமத்தைச் சரிபார்க்கச் செருக வேண்டிய யு.எஸ்.பி. டாங்கிளை நம்பியிருக்கின்றன. விண்டோஸ் 11இன் 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்பு, பழைய டாங்கிள் டிரைவர்களை ஏற்ற மறுக்கக்கூடும். பாதுகாப்பை அணைப்பதற்கு முன், டாங்கிளைத் தயாரித்தவரிடம் புதிய டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

10. நிறமும் அச்சும்

மேம்படுத்தும்போது திரையின் டிரைவர் மாறுவதால், அதோடு இணைத்திருந்த நிற விவரக் கோப்பின் தொடர்பு அறுந்துபோவதுண்டு. 'கலர் மேனேஜ்மென்ட்' சாளரத்தைத் திறந்து, திரையைத் தேர்ந்தெடுத்து, எடுத்து வைத்திருந்த கோப்பை மறுபடி இணையுங்கள்.

பிரிண்டருக்கு விண்டோஸ் தானே ஒரு பொது டிரைவரைப் போட்டிருக்கும். அதில் தாள் வகை, நிறக் கட்டுப்பாடு ஆகிய தேர்வுகள் குறைவு. தயாரிப்பாளரின் முழு டிரைவரை நிறுவி, நிறத்தைப் போட்டோஷாப் கவனித்தால் டிரைவரில் நிறக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் திருத்தினால் தோல் நிறம் சிவந்து போகும்.

11. படம் திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை என்றால்

'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ரான்சம்வேர் பாதுகாப்புக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளில் அறிமுகமில்லாத மென்பொருள் எழுதுவதைத் தடுக்கும். அதை அணைக்காமல், அனுமதிக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியலில் போட்டோஷாப்பைச் சேர்த்தால் போதும்.

ஆக்‌ஷன்கள் ஓடி, சேமிக்கும் இடத்தில் மட்டும் நின்றால், காரணம் வேறு. ஆக்‌ஷன் பதிவு செய்தபோது இருந்த முழுப் பாதை அதற்குள் பதிந்திருக்கும். பயனர் பெயர் மாறியிருந்தாலோ, பிக்சர்ஸ் கோப்புறையை ஒன்டிரைவ் தனக்குள் நகர்த்தியிருந்தாலோ அந்தப் பாதை இப்போது இல்லை. அந்த ஒரு படியை மட்டும் நீக்கி மறுபடி பதிவு செய்யுங்கள். ஸ்டுடியோ வேலைக் கோப்புகளை ஒன்டிரைவ் தொடாத டி அல்லது இ டிரைவில் வைப்பதே நல்லது.

12. எதுவும் பலிக்காதபோது

நான்கைந்து நாள் முயன்றும் நிலைக்கவில்லை என்றால், 10 நாள் கெடுவுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிடலாம். திரும்பிய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, படங்களைப் பென் டிரைவ் வழியாக மட்டும் கொண்டு சென்று பயன்படுத்துங்கள்.

திரும்ப வழியில்லாதவர்கள், கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் விண்டோஸ் 7ஐ நிறுவி, அதற்குள் போட்டோஷாப் 7.0ஐ வைக்கலாம், விண்டோஸ் 7க்கான உரிமம் கையில் இருக்க வேண்டும். 3 அல்லது 4 ஜி.பி. நினைவகம் ஒதுக்கினால் போதும். 32 பிட் மென்பொருளுக்கு அதற்கு மேல் கொடுத்துப் பயனில்லை. நெட்வொர்க் இணைப்பை நீக்கி, பகிர்வுக் கோப்புறை ஒன்றின் வழியாகப் படங்களை உள்ளே அனுப்பி வெளியே எடுங்கள். நிறத் திருத்தத்தை மட்டும் அதற்குள் செய்யாதீர்கள். உங்கள் திரையின் நிற விவரம் அந்த மெய்நிகர் திரைக்குத் தெரியாது.